தூங்குபவர் அறியாத நோய்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

நோய்களுள் பெரும்பாலானவற்றை நோயாளியே முதலில் அறிகிறார். காய்ச்சல் கண்டவருக்குத் தம் உடம்பு கொதிப்பது தெரியும். பல்வலிக்காரர் எந்தப் பல் என்று விரலால் தொட்டுக் காட்டிவிடுவார். ஆனால் நோயாளியைத் தவிர வீட்டிலுள்ள மற்றவரெல்லாம் அறிந்த நோய் ஒன்று உண்டு. அவர் கண் மூடிய பின் அது வருகிறது. கண் விழிக்குமுன் போய்விடுகிறது. காலையில் கேட்டால், "நன்றாகத்தானே தூங்கினேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஸ்லீப் ஆப்னியா என்பது அதன் பெயர். ஆப்னியா என்றால் கிரேக்க மொழியில் மூச்சின்மை என்று பொருள். தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம். தம் நோயைத் தாமே சொல்ல இயலாத ஒருவரிடம் மருத்துவர் அந்நோயை எவ்வாறு கண்டுபிடிக்கிறார் என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் மருத்துவ மாணவன் அல்லன். சென்ற ஆண்டு என் தந்தையாருக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அப்போது உடனிருந்து பார்த்தவற்றையும், பின்னர் படித்தும் எங்கள் துறைப் பேராசிரியர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையும் எழுதுகிறேன்.

அப்பா பால் வேன் ஓட்டுநர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுவார். பதினான்கு ஊர்களில் கேன்களை ஏற்றி, ஏழு மணிக்குள் சில்லிங் சென்டரில் இறக்கியாக வேண்டும். மாலையில் மற்றொரு நடை. பகலில் எங்கே உட்கார்ந்தாலும் அங்கேயே தூங்கிவிடுவார். சாப்பிட்ட கை காயுமுன் தூங்கியதும் உண்டு. மூன்று மணிக்கு எழுகிற மனிதர் தூங்காமல் என்ன செய்வார் என்று நாங்களும் இருந்துவிட்டோம். அவருடைய குறட்டையைத் தெருவே அறியும். குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அம்மாவுக்கு மட்டும் குறட்டையைப் பற்றிக் கவலையில்லை. குறட்டை நிற்கும் நேரந்தான் பயம்.

"சத்தம் அப்படியே நின்னு போயிரும் கண்ணு. நான் எந்திரிச்சு உக்காந்து மூக்குக்கிட்ட கையை வெச்சுப் பாப்பேன். அப்பறம் ஒரு உறுமு உறுமி மூச்சு வரும்" என்று அவர் முதன்முதலில் சொல்லி மூன்று ஆண்டுகள் இருக்கும். அப்பா சிரித்தார். பள்ளியில் அறிவியல் படித்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், எதிரே வண்டி ஏதும் இல்லாத நேரான சாலையில், வேன் இடப்பக்கம் இறங்கி வாய்க்கால் மேட்டில் சாய்ந்து நின்றது. பதினொரு கேன் பால் மண்ணில் போயிற்று. அப்பாவின் நெற்றியில் இரண்டு தையல். நாய் குறுக்கே வந்ததாக வண்டிக்காரரிடம் சொன்னார். எங்களிடமும் அதையே சொன்னார். தையல் போட்ட மருத்துவர் வயதில் இளையவர். "தூங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார் அப்பா. அவர் அத்துடன் விட்டிருக்கலாம். விடாமல் அம்மாவின் பக்கம் திரும்பி, "ராத்திரியில் இவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறதா அம்மா?" என்று கேட்டார். மூன்றாண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி அது. அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

மூச்சு ஏன் நிற்கிறது? மூக்குக்கும் குரல்வளைக்கும் இடையே உள்ள தொண்டைப் பகுதி, எலும்போ குருத்தெலும்போ தாங்கிப் பிடிக்காத மென்மையான குழாய். விழித்திருக்கும்போது அதைச் சுற்றியுள்ள தசைகள் விறைப்பாக இருந்து வழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. இளநீர்க் கடையில் தரும் காகிதக் குழல் நனைந்துபோனபின் வேகமாக உறிஞ்சினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும், பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். தொண்டையும் அவ்வாறே ஒட்டிக்கொள்கிறது. பாதி ஒட்டினால் குறட்டை. முழுதும் ஒட்டினால் அமைதி. மார்பு மூச்சுக்காகப் போராடும், காற்று வராது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறி ஒரு சில விநாடிகள் விழித்துத் தசைகளை இறுக்கும். உறுமலோடு வழி திறக்கும். மீண்டும் உறக்கம், மீண்டும் தளர்ச்சி. அந்தச் சில விநாடி விழிப்பு நினைவில் தங்குவதில்லை. ஓர் இரவில் நூறு முறை எழுப்பப்பட்டவர், தாம் எட்டு மணி நேரம் தூங்கியதாகவே காலையில் நம்புகிறார். இரத்த அழுத்தம் உயர்வதும் பகலில் உறக்கம் வருவதும் இதன் விளைவுகள்.

இந்நோய் புதியதன்று. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய பிக்விக் நாவலில், கதவைத் தட்டிக்கொண்டே தூங்கிவிடும் பருமனான சிறுவன் ஒருவன் வருகிறான். 1956இல் அமெரிக்காவில் பர்வெல் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், சீட்டாட்டத்தில் நல்ல கை வந்திருந்தும் அப்படியே தூங்கிப்போன ஒருவரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டு, அந்த நோய்க்குப் பிக்விக்கின் பெயரையே சூட்டினர். இரத்தத்தில் கரியமில வாயு மிகுவதால் தூக்கம் வருகிறது என்பது அவர்கள் கருத்து. அவர்கள் அந்த நோயாளியின் இரத்தத்தையும் நுரையீரலையும் நுணுக்கமாக ஆராய்ந்தனர். அவர் இரவில் உறங்கும்போது அருகில் இருந்து மூச்சைப் பதிவு செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அது நடக்க மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1965இல் பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோவும் அவருடைய தோழர்களும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகிய இருவரும் தனித்தனியே இத்தகைய நோயாளிகளை இரவில் படுக்க வைத்து, மூளை அலைகளையும் மூச்சையும் ஒருங்கே பதிவு செய்தனர். மூச்சு நூற்றுக்கணக்கான முறை நிற்பது அப்போதுதான் தாளில் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. மார்செய் அறிஞர்கள் கருவிகளை வைத்துக் கண்டதை அவர் மூக்கருகே கை வைத்துக் கண்டிருந்தார். தாளில் பதிவு செய்யவில்லை என்பதுதான் வேறுபாடு.

எடுத்த எடுப்பில் யாரையும் இரவுச் சோதனைக்கு அனுப்புவதில்லை. முதலில் கேள்விகள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மர்ரே ஜான்ஸ் 1991இல் வகுத்த எட்டுக் கேள்விகள் உலகெங்கும் வழக்கில் உள்ளன. படித்துக்கொண்டிருக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா அமர்ந்திருக்கும்போது, பிறர் ஓட்டும் வண்டியில் ஒரு மணி நேரம் போகும்போது, மதியம் சற்றுப் படுக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, உணவுக்குப் பின் அமைதியாக இருக்கும்போது, போக்குவரத்தில் வண்டி நின்றிருக்கும்போது: இவற்றில் கண் அயர எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகலுறக்கம் மிகுதி. நம் கல்லூரியில் மதிய உணவுக்குப் பின் வரும் முதல் பாடவேளையில் இதனை நடத்தினால் விடை நம்பத்தக்கதாக இராது என்று எண்ணுகிறேன்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் ஓர் அம்மையார் இக்கேள்விகளை அப்பாவிடம் கேட்டார். எட்டுக்கும் ஒரே விடை: "இல்லீங்க." மதிப்பெண் சுழியம். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு அப்போதே தெரியும். தூங்குகிற ஓட்டுநருக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்க, போன மாசம் கோயில்ல தீபாராதனை காட்டறப்ப நின்னுக்கிட்டே தூங்குனீங்களே, அதையும் சொல்லுங்க" என்றார். அந்த மருத்துவர் சிரிக்காமல் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்து, அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பதினேழு வந்தது. வெளியே வந்ததும் அப்பா, "சோத்துல மண்ணைப் போட்டுட்டயே" என்று அம்மாவிடம் சொன்னது அந்த நடைபாதையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

இன்னொரு கேள்விப் பட்டியல், கனடாவின் டொரோன்டோவில் மயக்கவியல் மருத்துவர் பிரான்சஸ் சங்கும் உடன் பணியாற்றியவர்களும் 2008இல் வெளியிட்டது. அதிலும் எட்டு உண்டு. விடை ஆம் அல்லது இல்லை. உரத்த குறட்டை, பகற்சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, இரத்த அழுத்தம், உடற்பருமன், ஐம்பதைக் கடந்த வயது, நாற்பது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆண் என்பது. ஐந்துக்கு மேல் 'ஆம்' வந்தாலே, ஏன், ஐந்து வந்தாலே நோய்க்கான வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு ஆறு. பருமனும் கழுத்தும் மட்டுமே தப்பின. அவர் மெலிந்த மனிதர். கழுத்து 38 சென்டிமீட்டர்தான். பருமனானவருக்கே இது வரும் என்று நினைப்பது தவறு. கீழ்த்தாடை உள்வாங்கி இருந்தால் நாக்குக்கு இடம் போதாமல் அது பின்னால் சரியும். அப்பாவின் தாடை அப்படிப்பட்டது. என்னுடையதும் அப்படித்தான் என்று அந்த மருத்துவர் என் முகத்தைப் பார்த்ததும் சொன்னார்.

பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பதைக் கொண்டு வகுப்புப் பிரிக்கும் இந்த முறையை 1985இல் வெளியிட்டவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி. அறுவை சிகிச்சையில் மூச்சுக்குழாய் செருகுவது எளிதா கடினமா என்று அறியவே அவர் இதனை வகுத்தார். இன்று உறக்க மருத்துவர்களும் கையாள்கிறார்கள். நான்கு வகுப்புகளில் அப்பா நான்காவது. உள்நாக்கே தெரியவில்லை.

இவையெல்லாம் ஐயத்தை வலுப்படுத்துமேயன்றி நோயை உறுதி செய்வதில்லை. உறுதி செய்ய இரவு முழுவதும் பதிவு செய்ய வேண்டும். அந்த மருத்துவமனையில் அதற்கான படுக்கை ஒன்றே ஒன்று. எங்களுக்கு ஐந்து வாரம் கழித்து நாள் குறித்தார்கள். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். அப்பா மறுநாள் காலை மூன்று மணிக்கு எழுந்து வேனை எடுத்தார். ஐந்து வாரம் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வேலை இன்னொருவருக்குப் போய்விடும். நான் ஒன்றும் பேசாமல் பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்தேன். அந்த ஐந்து வாரமும் பதினான்கு ஊர்களுக்கும் கூடவே போய், வாயை மூடாமல் பேசிக்கொண்டே வந்தேன். ஆவணி, புரட்டாசி மாதங்களில் முதல் பாடவேளைக்கு நான் அடிக்கடி தாமதமாக வந்ததன் காரணத்தை எங்கள் துறைப் பேராசிரியர்கள் இப்போது அறிந்து பொறுத்தருள வேண்டுகிறேன். நான் செய்தது சரியென்று வாதிட வரவில்லை. சாலையில் எதிரே வந்தவர்களுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த தவறு அது.

இதற்கிடையே இரவில் நானும் ஓர் ஆராய்ச்சி செய்தேன். 2021இல் கொரோனாக் காலத்தில் பக்கத்து வீட்டில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை இரவல் பெற்று, தூங்கும் அப்பாவின் விரலில் மாட்டி, டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் குறித்தேன். மூச்சு நிற்கும், எண் 95இலேயே இருக்கும். இருபது, முப்பது விநாடி போகும். உறுமலோடு மூச்சு வந்த பிறகு, அப்போதுதான் எண் 90, 86, 83 என்று இறங்கும். கருவி பழுதென்று எண்ணினேன். எங்கள் பேராசிரியர் ஒருவர்தாம், "நுரையீரலில் இருந்து விரல் நுனிக்கு இரத்தம் நடந்து வர வேண்டாமா?" என்று கேட்டுத் தெளிவித்தார். விரல் காட்டுவது சற்று முன் நுரையீரலில் நடந்ததை.

அந்தச் சிறு கருவியின் இயக்கம் நம் பாடத்தில் உள்ளதே. 660 நானோமீட்டர் சிவப்பொளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளி என இரண்டு ஒளிகள் விரலினூடே செல்கின்றன. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் சிவப்பொளியை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் ஏற்றது அகச்சிவப்பொளியை அதிகம் உறிஞ்சும். துணைப்பாட வேதியியலில் பீர்-லாம்பர்ட் விதி என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஆனால் விரலில் தோல், தசை, நகம் எல்லாமும் ஒளியை உறிஞ்சுகின்றனவே, தமனி இரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? ஜப்பானியப் பொறியியலார் தக்குவோ அயோயாகி வேறோர் அளவீட்டில் ஈடுபட்டிருந்தார். நாடித்துடிப்பினால் வந்த ஏற்ற இறக்கம் அவருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. அதை நீக்க முயன்றபோதுதான், துடிக்கிற பகுதி தமனி இரத்தம் ஒன்றே, அதை மட்டும் கணக்கிட்டால் போதும் என்று உணர்ந்தார். 1974இல் அவர் இதை வெளியிட்டார்; 2020இல் மறைந்தார். தொல்லையென்று வீசவிருந்ததே விடையாக இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

என் நோட்டை மருத்துவரிடம் காட்டினேன். மதித்துப் பார்த்தார், ஆனால் அது போதாது என்றார். ஆக்சிஜன் இறங்குவது தெரிகிறது. ஏன் இறங்குகிறது என்பது தெரியவில்லை. தொண்டை அடைத்ததாலா, அல்லது மூச்செடுக்கும்படி மூளையிலிருந்து கட்டளையே வராததாலா? இரண்டாவது வகையும் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு மூச்சு ஏறி ஏறி, பின் இறங்கி இறங்கி நின்றுபோகும். அதனை 1818இல் செய்னும் 1854இல் ஸ்டோக்சும் எழுதிவைத்தனர். இரண்டுக்கும் மருத்துவம் வேறு.

புரட்டாசியில் எங்கள் நாள் வந்தது. இரவு எட்டு மணிக்கு அப்பாவை ஓர் அறையில் அமர வைத்து, அங்கிருந்த டெக்னீசியன் ஒன்றன்பின் ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கம்பிகளைப் பொருத்தினார். "மாரியம்மன் பண்டிகைக்குச் சீரியல் லைட் போட்ட மாதிரி இருக்குது" என்றார் அப்பா. இந்தச் சோதனைக்குப் பாலிசோம்னோகிராபி என்று பெயர். உறக்கத்தில் நிகழ்வன பலவற்றை ஒரே நேரத்தில் வரைதல் என்று பொருள் கொள்ளலாம்.

தலையில் ஒட்டிய மின்வாய்கள் மூளை அலைகளை எடுக்கின்றன. 1929இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலைகளைப் பற்றி முதன்முதலில் வெளியிட்ட முறையின் வழித்தோன்றல் இது. மின்னழுத்தம் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் சில பத்துக் கூறுகளே. கண்ணோரம் இரண்டு, மோவாயில் சில. கனவு மிகுந்த உறக்கத்தில் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசைகின்றன என்பதை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டறிந்தனர். அந்நேரத்தில் உடல் தசைகள் மிகவும் தளர்வதால் மூச்சுத்தடை அப்போது கூடுதலாக வரும். எனவே அந்தக் கட்டம் பதிவாகாத இரவு, முழுச் சோதனையாகாது. மல்லாந்து படுத்தபோதும் தடை கூடும் என்பதால், எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று காட்டவும் ஒரு கருவி மார்பில் உண்டு.

மூச்சை அளக்கத்தான் எத்தனை வழி! மூக்கு முனையில் ஒரு தெர்மிஸ்டர். வெளிமூச்சு வெதுவெதுப்பானது, அது பட்டதும் தடை எண் மாறும். காற்று முற்றிலும் நின்றதா என்பதை இது சொல்லும். மூக்குத் துவாரத்தில் ஒரு மெல்லிய குழாய். அது அழுத்த மாற்றத்தை உணர்ந்து, காற்று பாதியாகக் குறைவதையும் காட்டும். மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பட்டை. பட்டைக்குள் வளைந்து வளைந்து செல்லும் கம்பி. மார்பு விரியும்போது கம்பிச் சுற்றின் பரப்பு மாறி, அதன் தன்மின்தூண்டல் மாறும். நாம் இரண்டாம் ஆண்டு மின்காந்தவியலில் படிப்பதுதான். என் நோட்டுக்குத் தெரியாததைச் சொல்வன இந்தப் பட்டைகளே. மூக்கில் காற்று இல்லை, ஆனால் பட்டைகள் அசைகின்றன என்றால் தொண்டை அடைத்துள்ளது. காற்றும் இல்லை, பட்டையும் அசையவில்லை என்றால் கட்டளை வரவில்லை. தொண்டை அடைத்த நிலையில் மார்பு உள்வாங்கும்போது வயிறு புடைக்கும். இரண்டும் எதிர் எதிரே ஆடும். அறைக்கு வெளியே கணினித் திரையில் அப்பாவின் இரு கோடுகளும் அப்படி எதிர் எதிரே ஆடுவதை நான் பார்த்தேன். மூக்குக் கோடு நேராகக் கிடந்தது. அறைக்குள் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இவை தவிர இதயத்துக்கு மின்வாய், கால் உதறலை அறியக் காலில் மின்வாய், குறட்டைக்கு ஒலிவாங்கி, விரலில் ஆக்சிமீட்டர்.

மறுநாள் தொடங்குவது எண்ணும் வேலை. காற்றோட்டம் பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ குறைந்து பத்து விநாடியாவது நீடித்தால் அது ஒரு மூச்சு நிறுத்தம். பத்தில் மூன்று பங்காவது குறைந்து, பத்து விநாடி நீடித்து, கூடவே ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழித்தாலோ அது மூச்சுக் குறைவு; ஹைப்பாப்னியா. இரண்டையும் கூட்டி உறங்கிய மணிகளால் வகுத்தால் வருவது ஏ.எச்.ஐ. என்னும் எண். ஐந்துக்குக் கீழ் இயல்பு. 5 முதல் 15க்குள் இலேசு. 15 முதல் 30க்குள் நடுத்தரம். 30உம் அதற்கு மேலும் கடுமை. படுத்த மணிகளால் வகுக்காமல் உறங்கிய மணிகளால் வகுப்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் உறங்கினாரா, புரண்டுகொண்டிருந்தாரா என்பதை மூளை அலைகளே சொல்லும். தலையில் அத்தனை கம்பி ஒட்டுவது இதற்காகவும்தான்.

கணினி முதற்கணக்குப் போட்டாலும், பயிற்சி பெற்றவர் பக்கம் பக்கமாகப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். ஒரு பக்கம் என்பது 30 விநாடி. ஏன் முப்பது? முன்பு இவை காகிதத்தில் வரையப்பட்டன. காகிதம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஓடும். தாளின் அகலம் 30 சென்டிமீட்டர். காகிதம் போய்விட்டது, முப்பது மட்டும் திரையில் நிலைத்துவிட்டது. அக்காலத்தில் எட்டு மணி உறக்கத்துக்கு 960 தாள். நீட்டி வைத்தால் 288 மீட்டர். நம் விளையாட்டுத் திடலின் ஓடுபாதையை எண்ணிப் பாருங்கள். அதில் முக்கால் சுற்றுக்கு ஒரு மனிதரின் ஓர் இரவு.

இன்று எல்லாருக்கும் இத்தனை கம்பி வேண்டியதில்லை. நோய் இருக்க மிகுந்த வாய்ப்புள்ள, இதய நோய் போன்ற வேறு சிக்கல் இல்லாத ஒருவருக்கு மூக்குக் குழாய், பட்டை, ஆக்சிமீட்டர் மட்டும் உள்ள சிறு கருவியை வீட்டுக்கே கொடுத்தனுப்பும் வழக்கம் உள்ளது. அதில் பொதுவாக மூளை அலை இராது. ஆகவே பதிவான மணிகளால் வகுக்கிறார்கள். எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம். அதில் நோய் இல்லை என்று வந்தும் ஐயம் நீங்காவிட்டால் முழுச் சோதனைக்கே போக வேண்டும். கைக்கடிகாரங்களும் இப்போது இதில் இறங்கியுள்ளன. 2024இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இரண்டு நிறுவனங்களின் கடிகார வசதிகளுக்கு அனுமதி அளித்தது. அவையும் ஐயத்தை எழுப்பும் அளவில்தான்.

ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் ஐந்து பக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே பேருந்து நிறுத்தத்தில் இருவரும் என்னை நடுவில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார்கள். உறங்கியது ஆறு மணி நேரம். மூச்சு நிறுத்தம் 168. மூச்சுக் குறைவு 78. மிக நீண்டது 54 விநாடி. ஆக்சிஜன் இறங்கிய அளவு 71 விழுக்காடு. ஏறத்தாழ எல்லாமே தொண்டை அடைப்பினால் வந்தவை.

"மார்க் எத்தனை?" என்று அப்பா கேட்டார்.

"நாப்பத்தொண்ணு."

"நூத்துக்கா?"

"ஒரு மணி நேரத்துக்குங்கப்பா."

246ஐ ஆறால் வகுத்துக் காட்டினேன். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்து, "நீ எத்தனை எண்ணுன?" என்று மட்டும் கேட்டார். அவரிடம் "இல்லீங்க" என்னும் சொல் அன்றோடு நின்றது. எங்கள் சொல்லுக்கு இணங்காதவர் அந்தக் கோடுகளுக்கு இணங்கினார். ஒருவேளை, கோடுகள் அவரைக் குற்றம் சொல்லவில்லை என்பதனால் இருக்கலாம். சோம்பேறி, அலட்சியக்காரர் என்று பிறர் சொல்வதைவிட, தொண்டை அடைக்கிறது என்பது கேட்க எளிது. மறுநாள் வண்டிக்காரரிடம் அவரே போய், நாய் எதுவும் வரவில்லை என்று சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மருத்துவம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது; ஒன்று மட்டும் சொல்லலாம். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன், தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் கொண்டு மூக்கு வழியே காற்றைத் தொடர்ந்து செலுத்தி, தொண்டை ஒட்டாமல் தடுத்துக் காட்டினார். சிபேப் என்னும் இன்றைய கருவி அதிலிருந்து வந்தது. அப்பாவுக்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்று இன்னோர் இரவு பார்த்துக் குறித்தார்கள்: ஒன்பது சென்டிமீட்டர் நீர் அழுத்தம். வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கருவியை வாங்கினார்.

அப்பா இப்போது அதே சில்லிங் சென்டரில் கேன் இறக்கி எடை போடும் வேலையில் இருக்கிறார். சம்பளம் குறைவு. மருத்துவர் மறுபடி பார்த்து எழுத்து கொடுத்தால் வண்டியைத் தருவது பற்றி யோசிப்பதாக வண்டிக்காரர் சொல்லியிருக்கிறார்; யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கருவி ஒவ்வோர் இரவும் மிஞ்சிய மூச்சுத்தடைகளைத் தானே எண்ணி, காலையில் சிறு திரையில் காட்டும். முகமூடியைக் கழற்றியதும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "இன்னைக்கு எத்தனை கண்ணு?" என்று கேட்பார். முதல் வாரத்தில் 9, 7 என்று இருந்தது. இதனை எழுதி முடிக்கும் இன்று காலை 2.8.